நரசிம்மலு என்றொரு மீன்

காரமடை ரங்கநாதர் துணை

பெரியநாயக்கன்பாளையம்
24-4-94

அம்மணி பிரத்யுஷாவுக்கு உன் அவ்வா பங்காரம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி, கொச்சித் தண்ணி ஒத்துக்கொண்டதா என்று விவரமாக எழுது.

முதலில் நல்ல சேதிகள். உன் சித்தப்பா மகன் சாய்சரண் பீளமேட்டுக் காலேஜில் மூன்றாம் வருஷமும் முதல் வகுப்பு. அவன் தங்கை ஹர்ஷிணி டைப்ரைட்டிங் ஹையரில் மாவட்டத்துக்கே இரண்டாவதாக வந்து எவர்சில்வர் குடம் வாங்கினாள். அந்தக் குடத்தில்தான் இப்போது குடிதண்ணி. உன் தம்பி சசிதர் தாத்தாவின் பவுண்டரியில் புது லேத் இறக்கிவிட்டான். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓட்டுகிறான்.

விசேஷத்துக்குப் போனால் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவேன். உன் முறை வரும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. போன வாரம் லட்சுமணசாமி சம்சாரம் கேட்டாள், "பெரிய பேத்தி இன்னுமா படிக்குது?" என்று. "கொச்சியில மீனைப் பத்திப் படிக்குதுங்க" என்றேன். "மீன்ல படிக்க என்னங்க இருக்குது, கொழம்பு வெக்கறதுதானே?" என்று சபையில் சிரித்துப்போட்டாள். அவள் வாயை அடைக்க எனக்கு ஒரே ஒரு சேதி எழுதி அனுப்பு. பெரிதாக இருக்க வேண்டும்.

சசிதரிடம் ஆவக்காய் கொடுத்தனுப்புகிறேன். என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த ஜோடிப் பீங்கான் ஜாடியில் ஒன்று நிறைய. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லோருக்கும் போடு. ஈரக் கரண்டி வைக்காதே.

உன் நல்ல சேதிக்குக் காத்திருக்கும்
அவ்வா


கொச்சி
19-8-94

அன்புள்ள அவ்வாவுக்கு, பிரத்யுஷா வணக்கத்துடன் எழுதுவது. மழை விட்டபாடில்லை. துணி காயாமல் ஒரு வாடை, அதற்கு மேல் என் கைகளில் மீன் வாடை. மற்றபடி சௌக்கியம். உங்கள் முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்டதா?

ஆவக்காய் ஜூன் மாதமே காலி. கேரளப் பெண்கள் கஞ்சிக்குக்கூட அதைத்தான் தொட்டுக்கொண்டார்கள். ஜாடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஆராய்ச்சிக் கப்பல் ஜூன் கடைசியில் வந்தது. ஐஸ் பெட்டியின் அடியில், மற்ற மீன்களின் பாரத்தில் மடங்கி நசுங்கி ஒரு மீன் கிடந்தது. பேய்ச்சுறா என்போம். சுறாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உடம்பில் எலும்பே கிடையாது; நம் காது மடலில் இருக்கிறதே, அந்தக் குருத்தெலும்புதான் எல்லாம். வெயில் எட்டாத ஆழத்தில் வாழ்வது. காபிக்கொட்டை நிறம், பச்சைக் கண், முகத்துக்கு முன்னால் நீண்ட மூக்கு. எங்களிடம் இருந்த கண்ணாடிப் பாத்திரம் எதிலும் அது கொள்ளவில்லை. அதனால் உங்கள் ஜாடியைக் கழுவி, கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றி, அதில் நிறுத்திவிட்டேன். வால் நூல் போல இருந்தது, ஒடிந்துவிடுமோ என்று பயந்து வாலை மேலேயும் தலையைக் கீழேயும் வைத்தேன்.

போன வாரம் எடுத்து அளந்தேன். இந்த இனத்து மீனுக்கு மூக்கு நேராக, ஈட்டி மாதிரி இருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. இதற்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. எங்கள் சார் அழகிரிசாமி பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. "அம்மா, இது யாரும் எழுதாத மீனா இருக்கும் போலிருக்கே" என்றார்.

இன்னும் உறுதியில்லை. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
பிரத்யுஷா


காரமடை ரங்கநாதர் துணை

பெரியநாயக்கன்பாளையம்
4-9-94

அம்மணிக்கு அவ்வாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். கடிதத்தில் கடைசி வரியாக எழுதினால் நான் என்ன செய்வேன்? அதற்குள் இரண்டு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. மூன்றாவதாக லட்சுமணசாமி வீட்டுக்கு நானே நடந்து போனேன். "உலகத்துல யாரும் பாக்காத மீனுங்க. எங்கூட்டு ஆவக்காய் ஜாடியிலதான் இப்பக் குடியிருக்குது" என்றேன். அவள் காபி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜாடிக்காக வருத்தப்படாதே. இனி அதில் ஊறுகாய் போட முடியாது, தெரியும். போட்டுத்தான் என்ன, ஆவக்காய் போட்ட ஜாடிகள் ஊரில் ஆயிரம் உண்டு.

ஒரு விஷயம் கேட்கிறேன். புது மீனுக்கு நீங்கள்தான் பேர் வைப்பீர்கள் என்று சசிதர் சொன்னான். பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது நம் வழக்கம். உன் அப்பனும் சித்தப்பனும் என்ன செய்தார்கள்? சசிதர், சாய்சரண். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் தாத்தா அந்த இரண்டு பெயர் வைப்பு விசேஷத்திலும் இலையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, நரசிம்மலு என்று கூப்பிட இந்த வீட்டில் ஒரு உருப்படி இல்லை. மனிதப் பிள்ளைதான் ஆகவில்லை, மீனாவது ஆகட்டுமே.

முடியாது என்றால் முடியாது என்று எழுது.

அவ்வா


கொச்சி
11-12-94

அன்புள்ள அவ்வாவுக்கு, வணக்கம். மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, மன்னியுங்கள். கண் எரிச்சல். ஃபார்மலின் ஆவி ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். உங்களுக்குப் பனிக்காலத்தில் மூட்டு வலி கூடுமே, வெந்நீரில் குளியுங்கள்.

ஒரு மீனைப் புதிது என்று சொல்வதற்குள் மனிதன் பாதி ஆகிவிடுகிறான். துடுப்புக்கும் துடுப்புக்கும் இடைவெளி, கண்ணின் அகலம், பல்லின் அமைப்பு எல்லாம் அளந்து, இதுவரை எழுதப்பட்ட சொந்தக்கார மீன்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, இது அதுவல்ல என்று காட்ட வேண்டும். மற்ற அளவுகள் எல்லாம் பழைய மீனோடு ஒத்துப்போகின்றன. மூக்குதான் வித்தியாசம். அது போதும் என்கிறார் சார்.

பெயர் வைத்தாகிவிட்டது, அவ்வா. லத்தீன் வால் ஒன்று ஒட்டியிருக்கும், ஆனால் முன்னால் நரசிம்மலுதான். "தாத்தா என்னம்மா செய்தார்?" என்று சார் கேட்டார். "பம்புக்கு வார்ப்பு ஊற்றினார், என்னைப் படிக்க வைத்தார்" என்றேன். "ராஜாக்கள் பேரை வைக்கிறார்கள், இதை வைத்தால் என்ன?" என்று கையெழுத்துப் போட்டார். கட்டுரையைப் போன வாரம் அனுப்பினோம்.

மார்ச்சில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. இப்போது இருக்கும் இடம் திட்டம் முடிந்தால் போய்விடும். கட்டுரை அச்சில் வந்தால் அந்த வேலை எனக்குத்தான் என்கிறார்கள்.

பிரத்யுஷா


காரமடை ரங்கநாதர் துணை

பெரியநாயக்கன்பாளையம்
17-1-95

என் கண்ணுக்கு அவ்வா எழுதுவது. கண் எரிச்சல் நின்றதா? நந்தியாவட்டைப் பூ அனுப்பினால் வாடிவிடும், அங்கேயே தேடிப் பார்.

நீ எழுதியதை நாலு தரம் படித்தேன். பிறகு சாமி அறையில் தாத்தா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, சங்கராந்தி அன்று காரமடைக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். "பேருங்க?" என்றார் பட்டர். "நரசிம்மலு." "நட்சத்திரம்?" "தெரியாதுங்க சாமி, கடல்ல பொறந்தது." அவர் மணியைக் கீழே வைத்துவிட்டார். விவரம் சொன்னேன். "சாமியே ஒரு காலத்துல மீனா வந்தவர்தானுங்கம்மா, அவர் நட்சத்திரத்துக்கே பண்ணிப்போடறேன்" என்று செய்து கொடுத்தார். தேங்காய் பூ விட்டிருந்தது.

நம் நாயுடு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். யுகாதி விழாவில் உனக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம். மேடையில் அந்த ஜாடியையும் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். "அது ஆராய்ச்சியில இருக்குதுங்க, நகத்தப்படாது" என்று சொல்லிவிட்டேன். சரிதானே? ஜோடி ஜாடி இங்கே இருக்கிறது, அதைத் துலக்கி வைத்திருக்கிறேன். அதைக் காட்டினாலும் போதும்.

வேலை கிடைத்துவிடும். கவலைப்படாமல் தூங்கு.

அவ்வா


கொச்சி
26-2-95

அன்புள்ள சசி,

இந்தக் கடிதத்தை அவ்வாவிடம் காட்டாதே. பவுண்டரி விலாசத்துக்கு அனுப்புவதும் அதற்குத்தான். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சோர்ந்துபோயிருக்கிறேன்.

கட்டுரை போன பிறகு, டிசம்பர் கடைசியில், கப்பல் இன்னும் இரண்டு பேய்ச்சுறா கொண்டுவந்தது. பெரியதை அன்றைக்கே தட்டையாகப் படுக்கவைத்துப் பார்த்தேன். எல்லா அளவும் என் மீனேதான். மூக்கு மட்டும் நேர்.

இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதல் மீனை வெளியே எடுத்துவிட்டு, சின்னதை அவ்வாவின் ஜாடியில், அதை வைத்த மாதிரியே தலைகீழாக நிறுத்தினேன். நேற்று வெளியே எடுத்தேன். மூக்கு நுனி மேலே வளைந்திருக்கிறது, சசி. அந்த ஜாடிக்கு அடி குறுகல். மூக்கு அடியில் முட்டி, பக்கத்து வளைவில் ஏறி, ஃபார்மலினில் அப்படியே இறுகிவிடுகிறது. எலும்பு இல்லாத மீன். எந்தப் பாத்திரத்தில் வைக்கிறோமோ அந்த வடிவம். வாலைக் காப்பாற்றப் போய் மூக்கைத் தொலைத்தேன். இது புது மீன் இல்லை. எப்போதோ யாரோ எழுதிவைத்த பழைய மீன்.

சாரிடம் சொன்னேன். ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். "மூக்கு வளைஞ்சிருக்குன்னுதானே எழுதினோம். அது வளைஞ்சுதானே இருக்கு. பொய் எழுதலையேம்மா" என்றார். பிறகு அவரே, "உன் இஷ்டம்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்து என் மேஜையில் இருக்கிறது. திருத்தி அனுப்பினால் வேலை, தாத்தா பேர், பொன்னாடை எல்லாம் உண்டு. ஆனால் என்றைக்காவது ஒருவன் நேர் மூக்கு மீனைப் பிடிப்பான். அன்றைக்குத் தாத்தா பேர் செல்லாத பேர்களின் பட்டியலில் போய்ச் சேரும். அங்கே போன பேரை அதற்கப்புறம் இந்த இனத்தில் வேறு எந்த மீனுக்கும் வைக்கக் கூடாது.

அவ்வாவுக்கு நான் எதைச் சொன்னாலும் ஜாடியை மட்டும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே.

அக்கா


பெரியநாயக்கன்பாளையம்
16-3-95

அம்மணி, கார்டில்தான் எழுதுகிறேன், கை வலி. மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? சசிதரைக் கேட்டால் மேலே பார்க்கிறான். யுகாதி நோட்டீஸ் அடித்துவிட்டார்கள், உன் பேரும் தாத்தா பேரும் ஒரே வரியில். நீ எந்த வண்டியில் வருகிறாய்? ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

அவ்வா


கொச்சி
22-3-95

அன்புள்ள அவ்வாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கை வலி எப்படி?

நான் யுகாதிக்கு வரவில்லை. அந்த மீன் புதிது இல்லை என்று தெரிந்துவிட்டது. கட்டுரையை வேண்டாம் என்று எழுதித் திரும்பப் பெற்றுவிட்டேன். நான் அளந்ததில் பிசகு. வேறு யார் மேலும் தப்பு இல்லை. நேர்முகத் தேர்வு போன வாரம் நடந்தது. "கட்டுரை என்னவாயிற்று?" என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. செப்டம்பர் வரை இந்தத் திட்டத்திலேயே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அச்சில் ஏறாததால் தாத்தா பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே இருக்கிறது. ஆனால் நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்கள், சாமிக்கும் சொல்லிவிட்டீர்கள். இப்போது எல்லோரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பிரத்யுஷா


பெரியநாயக்கன்பாளையம்
9-4-95

அன்புள்ள அக்காவுக்கு சசிதர் எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதத்தை அவ்வா வரி வரியாக முழுதாகப் படித்தார்கள். சங்கத்துக்காரர்கள் வந்தபோது நான் சமாளிக்கப் போனேன். "நீ சும்மாயிருடா" என்று அவ்வாவே முன்னால் வந்தார்கள். "புது மீனில்லீங்க. பழசுதானாம். எங்க புள்ளையே பாத்துச் சொல்லிப்போட்டுதுங்க" என்றார்கள். வந்தவர்களில் செங்கோட்டையன் மாமா, "நோட்டீஸ் அடிச்சாச்சேங்க" என்றார். "அடிச்சா? மீன் மாறிப்போயிருமுங்களா?" என்று அவ்வா கேட்டார்கள். மாமா காபி குடிக்காமலே போனார்.

வந்தவர்கள் போனதும் அவ்வா என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்கள். "அந்த மீனை ஜாடியில எப்படிடா வெச்சா?" எனக்குத் தெரியாது என்றேன். "முதக் கடுதாசியில எழுதியிருந்தா, வால் மேல, தலை கீழ" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, ஜோடி ஜாடிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, அடியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "என்னங்க அவ்வா பண்றீங்க?" என்றேன். "ஊறுகாய் இருக்குதான்னு பாத்தேன்" என்றார்கள்.

அது காலி ஜாடி, அக்கா.

நான் சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை.

சசி


காரமடை ரங்கநாதர் துணை

பெரியநாயக்கன்பாளையம்
18-6-95

அம்மணிக்கு அவ்வா எழுதுவது. இங்கே மழை இல்லை. போர்த் தண்ணியும் கீழே போய்விட்டது. என் கை பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாயா என்று இனிக் கேட்க மாட்டேன், சாப்பிடு என்று எழுதுகிறேன்.

இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். எனக்கு வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். லட்சுமணசாமி சம்சாரம் வந்து, "மீன் கைநழுவிப்போச்சாமுங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். அவள் வந்த நேரம் உச்சி வெயில், மோர் கொடுத்தேன். காரமடைக்கும் போய் வந்தேன். பட்டரிடம் சொன்னேன். "அர்ச்சனை பண்ணினது பண்ணினதுதானுங்கம்மா, திருப்பி வாங்க முடியாது" என்றார். அந்த மட்டில் அது முடிந்தது.

இந்தக் கடிதத்தோடு சசிதர் ஒரு பெட்டி கொண்டுவருவான். எவர்சில்வர், மூடி போட்டது. கோட்டைமேட்டு அமீர் ஹம்சா பட்டறையில் நானே போய் நின்று செய்யச் சொன்னேன். "என்னங்க நாயுடம்மா, இவ்வளவு நீளப் பொட்டி? நாதஸ்வரத்துக்குங்களா?" என்றார். "இல்லீங்க பாய், எங்க புள்ளையோட மீனுக்குங்க" என்றேன். "அப்ப வளைச்சு வெச்சா பத்தாதுங்களா, தகடு மிச்சமாகுமே" என்றார். "வளைக்கவே கூடாதுங்க" என்று சொல்லிவிட்டேன். மூலையெல்லாம் ஒழுகாமல் பற்றவைத்துக் கொடுத்தார். நான் தண்ணி ஊற்றி, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. இனி வருகிற மீன் மூக்கையும் வாலையும் நீட்டிக்கொண்டு படுக்கட்டும்.

இந்தப் பெட்டியை அனுப்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. சும்மா அனுப்புகிறேன்.

செப்டம்பருக்குப் பிறகு என்ன செய்வாய் என்று உன் அப்பன் கேட்கிறான். எனக்குத் தெரியாது என்றேன். உனக்கும் தெரியாது. தெரியும்போது எழுது.

கூடத்துச் சுவரில் எல்லாப் பிள்ளைகளின் படமும் இருக்கிறது, நீயே பார்த்திருப்பாய். சாய்சரண் சர்டிபிகேட்டோடு, ஹர்ஷிணி குடத்தோடு, சசிதர் லேத் பக்கத்தில். உன் படம் பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கியது, அதில் கோப்பைதான் பெரிதாகத் தெரிகிறது. ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுத்து, அட்டை வைத்துத் தபாலில் போடு. கையில் ஒன்றும் வேண்டாம். நீ மட்டும் நில்லு.

அவ்வா